தலைமை: எஸ்தர் மேடம்

என் பெயருக்கு முன்னால் டாக்டர் இல்லை. உட்காரும்போதே பார்த்துவிட்டேன். மேசையில் எனக்கு முன்னால் மடித்து நிறுத்தியிருக்கும் அட்டையில் நீல ஸ்கெட்ச் பேனாவால் ‘எஸ்தர் மேடம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. பக்கத்து நாற்காலிக்கு ‘டாக்டர் சிவஞானம்’ என்று கெட்டி அட்டையில் தங்க எழுத்து, அது போன மாதமே அச்சடித்தது, என்னுடையது இன்று காலை ஒன்பதே முக்காலுக்கு எழுதியது, அதனால்தான் இருக்கும், அவசரத்தில் விட்டுப்போயிருக்கும், இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டால் ஐம்பத்துமூன்று வயதில் உடம்புக்கு ஆகாது. காலையில் இந்த ஓட்டலுக்குள் நுழையும்போது எனக்கு மேடையே கிடையாது. மயக்க மருத்துவர்களின் மாநில மாநாட்டுக்குக் கோவை வந்திருக்கும் ஆயிரத்துச் சொச்சம் பேரில் நானும் ஒருத்தி, பை வாங்க வரிசையில் நின்றேன், அப்போதுதான் அமைப்புச் செயலாளர் உதயசங்கர் வியர்த்துக்கொண்டே ஓடிவந்தார். “மேடம், நல்லவேளை வந்தீங்க. ஒரு சின்ன ஹெல்ப். பன்னெண்டு மணி செஷனுக்கு நீங்க சேர்பர்சனா உக்காரணும்.” ஏற்கெனவே சிவஞானம் சார் பெயர் போட்டிருக்கிறதே என்றேன். “அவரும் இருப்பாரு மேடம். வாட்ஸ்அப்ல யாரோ நம்ம போஸ்டரை எடுத்து வட்டம் போட்டு விட்டிருக்காங்க. பதினாறு போட்டோவுல ஒரு லேடிகூட இல்லையாம். பிரசவத்தப் பத்திப் பேசுற செஷன்லகூடவா இல்லைன்னு கேக்குறாங்க. நீங்க சும்மா உக்காந்தா போதும் மேடம், பேசவே வேண்டியதில்ல.” சும்மா உட்கார்ந்தால் போதும். அவர் கெட்ட மனிதர் இல்லை, இதைச் சொல்லும்போதே என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார், தூக்க விடவில்லை. நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன், ஒரு நிமிஷம் யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம், ஆனால் யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு தரம் சொல்லித்தானே இந்த வினை.

மைக் பிடித்திருக்கும் பெண்ணும் டாக்டர்தான், இரண்டாம் வருஷ முதுகலை மாணவி, மயில்கழுத்துப் பட்டுப்புடவை, தலையில் இவ்வளவு பூ. காலையில் குத்துவிளக்குக்குத் தட்டு ஏந்தி நின்ற நாலு பேரும் இவள் வகுப்புதான், பேச்சாளர்களுக்குப் பொன்னாடை கொண்டுவந்து நீட்டுவதும் இவர்கள்தான். “இந்த அமர்வுக்குத் தலைமையேற்கும் டாக்டர் சிவஞானம் சார் அவர்களையும் நமது அன்பான எஸ்தர் மேடத்தையும் வரவேற்கிறோம்” என்றாள். அன்பான. அடுத்து டாக்டர் நவநீதனைப் பற்றி இரண்டு நிமிஷம் வாசித்தாள், பட்டங்கள், பரிசுகள், சென்னையில் எந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பதவி, எத்தனை நாடுகளில் பேசியிருக்கிறார். அவன் மேடையேறி நேரே என்னிடம் வந்து குனிந்து, “மேடம், நீங்க மேடையில இருக்கீங்கன்னு தெரியாது, ரொம்ப சந்தோஷம், கொஞ்சம் பயமாவும் இருக்கு” என்றான். என் மாணவன். பதினோரு வருஷத்துக்கு முன் என் ஆபரேஷன் தியேட்டரில் முதுகுத்தண்டில் ஊசி போடக் கை நடுங்கியவன், நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், இப்போது கை நடுங்கவில்லை, ரிமோட்டை அழகாகப் பிடித்திருக்கிறான். தலைப்பு திரையில் விழுகிறது. பிரசவ இரத்தப்போக்கு: நாலாயிரம் தாய்மாரிடம் கற்றது. நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு. முழு எண் எனக்குத் தெரியும், ஒவ்வொரு பெண்ணையும் நான்தான் எழுதினேன், நீள நோட்டில், பெயர், ஊர், எத்தனையாவது பிரசவம், எவ்வளவு இரத்தம் போனது, எந்த மருந்து எந்த வேகத்தில், அவன் அதை மூன்று மாதம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினான், அதுவும் உழைப்புத்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். முதல் ஸ்லைடின் கீழே பொடி எழுத்தில் ‘நன்றி: டாக்டர் எஸ்தர் சாமுவேல்’ என்று போட்டிருக்கிறான். டாக்டர் போட்டிருக்கிறான். பன்னிரண்டு நிமிஷம் அவனுக்கு. கடிகாரம் என் பொறுப்பு. பதினொரு நிமிஷம் ஐம்பத்தொன்பது விநாடி என்று இறங்குகிறது.

முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அதை மறக்கக் கூடாது, அவர்கள்மேல் மட்டும் பழிபோட்டால் நியாயம் இல்லை. ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தியேட்டரில் இருந்து வெளியே வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தேன், உதயசங்கர் போன் பண்ணினார், “மேடம், செப்டம்பர் பதினாலு, கோயம்புத்தூர், உங்க பிரசவ டேட்டாவைப் பேசணும்.” பள்ளிக்கூடத்தில் பரிசுக்குப் பெயர் கூப்பிட்டதுபோல இருந்தது எனக்கு. சந்தோஷமாகச் சரி என்று சொல்ல வாயெடுத்தேன், வந்தது வேறு, “வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு நாளைக்குச் சொல்லட்டுமா சார்?” அதை யார் சொன்னது, நான்தானா. வீட்டில் சாமுவேல் தோசையை மடித்துக்கொண்டே கேட்டார், “செப்டம்பர் பதினாலா? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் அந்த வாரந்தானே. நீ இல்லாம எப்படி எஸ்தர்? சொட்டு மருந்து விடணும், அவங்க என்னை விடமாட்டாங்களே. போவாதன்னு நான் சொல்லல. நீயே யோசிச்சுக்கோ.” போகாதே என்று சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சண்டை போட்டிருப்பேன், போயிருப்பேன். நீயே யோசித்துக்கோ என்றார், நான் இரவெல்லாம் யோசித்தேன், அத்தைக்குச் சொட்டு மருந்து விட நர்ஸம்மா ஒருத்தியை ஏற்பாடு பண்ணலாம் என்று முடிவுக்கு வந்து, காலை ஒன்பது பத்துக்குப் போன் பண்ணினேன். “ஐயோ மேடம், நேத்தே நவநீதன் சாருக்குப் பேசிட்டேனே, ரெண்டே நிமிஷத்துல ஓகே சொல்லிட்டாரு. உங்க டேட்டாதானே மேடம், உங்க ஸ்டூடன்ட்தானே, உங்களுக்குப் பெருமைதானே.” பெருமைதான் என்றேன். அத்தைக்குச் சர்க்கரை ஏறிப்போய்க் கண் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். இன்னும் செய்யவில்லை. அந்த வாரம் காலியாகிவிட்டது, டிக்கெட் எடுத்து, கேட்க வந்தேன்.

இன்னும் ஒன்பது நிமிஷம் இருபது விநாடி. நன்றாகத்தான் பேசுகிறான், நடுவில் நிறுத்தி ஒரு சிரிப்பு, எனக்கு அது வராது, நான் வேகமாகப் பேசி முடித்துவிட்டு இறங்கப் பார்ப்பேன். முன்வரிசை சோபாக்களில் எல்லாம் சார்கள். இரண்டாம் வரிசையும். மூன்றாவதிலிருந்து புடவையும் சுடிதாருமாக, கடைசிச் சுவர் வரைக்கும், பாதிக்குமேல் பெண்கள்தான், இந்தத் துறையில் அப்படித்தான், எங்கள் வகுப்பிலேயே பத்தில் ஆறு. காலையில் காப்பி ஆறுகிற நேரத்தில் நிகழ்ச்சிப் புத்தகத்தை விரலால் எண்ணினேன். இரண்டு நாளும் சேர்த்து ஐம்பத்தெட்டுப் பேச்சாளர்கள், ஏழு பெண்கள். ஏழில் மூன்று பேருக்குக் காலை ஏழரை மணி, யாரும் எழுந்திருக்காத நேரம். இரண்டு பேருக்கு மாடியில் மூன்றாவது அரங்கு. ஒருத்திக்குத் தலைப்பே ‘வீடும் வேலையும்’. ஏழாவது பெயர் பெண்ணா ஆணா என்று தெரியவில்லை, கிருபா, நான் பெண் என்று வைத்துக்கொண்டேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பின்னால், தூணுக்கு அந்தப் பக்கம் உதயசங்கரின் குரல் யாரிடமோ சொன்னது, “நாங்க கூப்பிடாமயா இருக்கோம் சார்? கூப்பிட்டா வரமாட்டேங்குறாங்க. எஸ்தர் மேடத்தையே கூப்பிட்டேன், வீட்ல கேக்கணும்னாங்க.” அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. காப்பியை வைத்துவிட்டேன். இந்த ஆயிரம் பேரில் எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பார், எத்தனை பெண்களுக்குப் போகவேண்டிய போன் என்னால் போகாமல் நின்றிருக்கும், ஒரு இரவு, ஒரே ஒரு இரவு நான் யோசித்தேன், அது இப்போது ஒரு சாட்சியமாகிவிட்டது, நானே எழுதிக்கொடுத்த மாதிரி. நவநீதனுக்கும் அம்மா உண்டு, மனைவி உண்டு, இரண்டு பிள்ளைகள், அவன் யாரையும் கேட்காமல் சரி என்றான், தேதியைக்கூடக் கேட்டிருக்கமாட்டான்.

நாலாவது ஸ்லைடு. என் சார்ட். தியேட்டர் சுவரில் நான் ஒட்டியிருந்த மஞ்சள் சார்ட்டைக் கட்டம் கட்டமாக அழகாக வரைந்திருக்கிறான், என்னுடையது கோணலாக இருக்கும், இதில் வண்ணம், அம்புக்குறி. குழந்தை வெளியே வந்ததும் கருப்பை சுருங்கவில்லையா, அம்புக்குறி, ஆக்ஸிடோசின் பத்து யூனிட், நரம்பு வழியாக, உடனே. அம்புக்குறி. அடுத்த கட்டம். நான் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தேன். உடனே என்றுதான் போட்டிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி உண்டு. கட்டத்துக்கு வெளியே, சிவப்பு மையில், என் கையெழுத்தில், ‘ஒரேயடியாகப் போடாதே. மூன்று யூனிட், அரை நிமிஷத்துக்குமேல் எடுத்து மெதுவாக. மீதி டிரிப்ஸில்.’ கட்டத்துக்குள் பத்து என்பது மொத்த அளவு, அந்த வரி இல்லாவிட்டால் அது வேறு அர்த்தம். அவன் கட்டங்களை மட்டும் எடுத்திருக்கிறான். சிவப்பு வரி ஸ்லைடில் அடங்கவில்லையோ, யாராவது உதவியாளிடம் வரையச் சொன்னானோ. மூன்றாம் வரிசையிலிருந்து பின்சுவர் வரைக்கும் போன்கள் மேலே எழும்புகின்றன, முளைத்தமாதிரி, எல்லாரும் படம் எடுக்கிறார்கள். வேறெந்த ஸ்லைடுக்கும் இவ்வளவு போன் எழவில்லை. இதுதான் உபயோகமானது, இதைத்தான் பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டுவார்கள். நவநீதன் ஒரு விநாடி கூடுதலாக நிறுத்துகிறான், எடுத்துக்கொள்ளட்டும் என்று. அடுத்த ஸ்லைடு.

பேச்சித்தாய். இருபத்துமூன்று வயது. பீடி சுற்றுகிறவள், விரல்நுனியில் இலை வாசனை இருந்தது, அந்த விரலில்தான் நாடித் துடிப்பு காட்டும் கருவியை மாட்டினேன். எனக்கு இருபத்தாறு. சிசேரியன், பெண் குழந்தை, அழுதது, பேச்சித்தாய் திரைக்கு மேலே என் முகத்தைப் பார்த்து, “பொட்டப்புள்ளயாம்மா?” என்றாள், ஆமா என்றேன், “இருக்கட்டும்” என்றாள். இருக்கட்டும். பிறகு இரத்தம். எங்கள் சீஃப் எனக்குப் பின்னால் நின்று, “பத்து யூனிட் போடும்மா, சீக்கிரம், என்ன பாத்துட்டு நிக்கிறே” என்றார், நான் சரி சார் என்று ஊசியை நரம்பில் குத்தி ஒரே அழுத்தாக அழுத்தினேன், என் கட்டைவிரல்தான், வேறு யாருடையதும் இல்லை. அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது, யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவளுக்கும் தெரியாது. அந்த மருந்து ஒரேயடியாகப் போனால் இரத்த அழுத்தம் சட்டென்று விழும், அப்படிப்பட்ட இதயம் தாங்காது. மூச்சு வாங்குகிறது என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறாள், கர்ப்பிணிக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று அனுப்பியிருக்கிறார்கள். முதலில் நாடி ஓடியது, குதிரை மாதிரி, பிறகு கருவியின் சத்தம் தேய்ந்துகொண்டே போனது, பிறகு நான் அவள் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன், நாற்பது நிமிஷம், யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். கேஸ் ஷீட்டில் ‘நோயாளி தன் இதய நோயை மறைத்தார்’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அதன் பிறகுதான் மெதுவாகப் போட ஆரம்பித்தேன், எழுதிவைக்க ஆரம்பித்தேன், அந்தச் சார்ட், அந்தச் சிவப்பு வரி, நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு பேர், எல்லாம் அந்த ஒருத்திக்குப் பிறகு. ஆயிரம் பேருக்கு ஒரேயடியாகப் போட்டாலும் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒன்றும் ஆகாது, கொஞ்சம் படபடப்பு, கொஞ்சம் வாந்தி, அதுதான் ஆபத்து, ஒன்றும் ஆகாததால்தான் யாரும் நம்பமாட்டார்கள். சீஃப் இப்போது என் வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எழுபத்தெட்டு வயது. காதில் கருவி. கெட்டி அட்டை, தங்க எழுத்து.

இன்னும் நாலரை நிமிஷம். சொல்லிவிடலாம். நான் சேர்பர்சன், உரை முடிந்ததும் ஒரு திருத்தம் என்று சொல்லலாம், அதற்குத்தானே தலைமை. சொன்னால் என்ன ஆகும். நவநீதனின் முகம் ஒரு விநாடி சுருங்கும். முன்வரிசை சோபாவில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பாவம், அவங்க பேச வேண்டியது, கிடைக்கலன்னு ஆதங்கம். பொறாமை என்று சொல்லமாட்டார்கள், ஆதங்கம் என்பார்கள், அது இன்னும் மோசம். அந்தச் சொல் என்மேல் ஒட்டிக்கொண்டால் பத்து யூனிட்டும் மூன்று யூனிட்டும் யாருக்குக் கேட்கும். எப்படிச் சொன்னால் ஆதங்கம் இல்லாமல் இருக்கும், சிரித்துக்கொண்டே சொல்லலாமா, மிக நல்ல உரை என்று தொடங்கி, ஒரே ஒரு சின்ன விஷயம் என்று, சின்ன விஷயமா அது, சின்ன விஷயம் என்று சொன்னால் சின்ன விஷயமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், பெரிய தவறு என்று சொன்னால் என் குரல் ஏறும், குரல் ஏறினால் மேடம் எமோஷனல் ஆயிட்டாங்க. எனக்கு நாற்பது வயதில் ஒரு கூட்டத்தில் அப்படித்தான் ஆனது, ஆக்ஸிஜன் குழாயைப் பற்றிச் சொன்னேன், ஒருவர் தண்ணீர் எடுத்து நீட்டினார். மைக் ஒன்றுதான், இரண்டு பேருக்கும் சேர்த்து, அது சீஃப் முன்னால் படுத்திருக்கிறது. கையை நீட்டினால் எட்டும். நீட்டவில்லை. சிவஞானம் சார் என் பக்கம் சாய்ந்தார், காதோரமாக, கிசுகிசு என்று நினைத்துக்கொண்டு உரக்கவே, “நம்ம பையன் நல்லா பேசுறான் இல்ல?” ஆமா சார். சொல்லிவிட்டு, என்ன தைரியமோ, நானும் சாய்ந்தேன், “சார், அந்த நாலாவது ஸ்லைடு, பத்து யூனிட் ஒரேயடியா போடறமாதிரி இருக்கு.” “அதுக்கென்ன?” “பேச்சித்தாய் கேஸ் சார்.” “யாரு?” “பேச்சித்தாய். தொண்ணூத்தேழுல. டேபிள்லயே போயிட்டாளே சார், நீங்ககூட இருந்தீங்க.” அவர் என்னைப் பார்த்தார். நினைவைத் தேடுகிற பார்வைகூட இல்லை. காதுக் கருவியைத் தொட்டுச் சரிசெய்துகொண்டு, கனிவாக, உண்மையான கனிவோடு, “எத்தனையோ பேரு போயிருக்காங்கம்மா நம்ம கையில. அதையெல்லாம் மனசுல வச்சிக்கிட்டா முடியுமா?” என்று சொல்லி என் கையின்மேல் தட்டிக்கொடுத்தார்.

உரை முடிந்துவிட்டது. கைதட்டு. நானும் தட்டினேன், என் கைகள் தட்டுவதைப் பார்த்தேன். சிவஞானம் சார் மைக்கை எடுத்துக்கொண்டார், கேள்வி நேரம் ஐந்து நிமிஷம், முதலில் தான் இரண்டு வார்த்தை பேசுவதாகச் சொல்லிவிட்டு அந்தக் காலத்தில் ஈத்தர் பாட்டிலை வைத்துக்கொண்டு மயக்கம் கொடுக்கத் தான் பட்ட பாட்டைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது, அவர் நன்றாகச் சொல்வார். முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கேள்வி இல்லை, பாராட்டு என்றார். இன்னொருவரும் பாராட்டு. பின்னால், ஏழாவது வரிசையில், ஒரு பெண் கையைத் தோள்வரைக்கும் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள், மைக் கொண்டுபோகிற ஆள் அந்தப் பக்கம் போகவே இல்லை. பக்கவாட்டில் உதயசங்கர் கைக்கடிகாரத்தைத் தொட்டு எனக்குச் சைகை காட்டுகிறார், முடியுங்கள் மேடம், பசிக்கிறது எல்லாருக்கும். நான் சிவஞானம் சாரின் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். வாங்கிவிட்டேன். கனமாக, அவர் கைச்சூட்டோடு இருந்தது. “மிக நல்ல உரை” என்றேன். என் குரல் எங்கிருந்தோ வந்தது. “ஒரே ஒரு சின்ன விஷயம். நாலாவது ஸ்லைடில், ஆக்ஸிடோசின், அதை நரம்பில் ஒரேயடியாக...” நவநீதன் தன் மைக்கில் உடனே, சிரித்த முகத்தோடு, “கண்டிப்பா மேடம், ஸ்லோவாத்தான் குடுக்கணும், அது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, ஸ்லைடுல இடம் பத்தல. மேடம் எங்களை இப்படித்தான் விரட்டுவாங்க, இன்னும் விடல பாருங்க” என்றான். அரங்கம் சிரித்தது. அவன் அன்பாகத்தான் சொன்னான். “இல்ல நவநீதன், எல்லாருக்கும் தெரியாது, ஒரு அம்மா...” என்று நான் தொடங்கும்போது மயில்கழுத்துப் புடவை, “மதிய உணவு தரைத்தளத்தில் தயாராக இருக்கிறது” என்றாள். ஆயிரம் நாற்காலி. இழுபடுகிற சத்தம். நான் மூன்று யூனிட் என்று சொன்னேன், மைக்கில்தான் சொன்னேன், எனக்கே கேட்கவில்லை, மைக்கை நிறுத்திவிட்டார்களா என்று விரலால் தட்டிப் பார்த்தேன், நிறுத்தியிருந்தார்கள். எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோவுக்கு நடுவில் நிற்கச் சொன்னார்கள். “மேடம் நடுவுல வாங்க, நடுவுல, இதான் முக்கியம்” என்றார் உதயசங்கர்.

அரங்கத்துக்கு வெளியே பெண்கள் கழிவறையில் நீண்ட வரிசை. மூன்று கதவுகள்தான், ஆண்கள் பக்கம் யாருமே நிற்கவில்லை, வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவள் திரும்பி, “மேடம்! நீங்க முன்னாடி வாங்க” என்றாள். அந்த ஏழாவது வரிசைப் பெண். கழுத்து அட்டையில் டாக்டர் ஷகிலா பானு, கீழே ஏதோ ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. பரவாயில்லம்மா, நில்லுங்க என்றேன். “உள்ள அந்த ஸ்லைடைப் பத்தி என்னமோ சொல்ல வந்தீங்களே மேடம், முழுசா கேக்கல. அதைத்தான் நானும் கேக்கலாம்னு கையத் தூக்கினேன்.” “அந்தப் பத்து யூனிட்டை...” என்று ஆரம்பித்தேன், பக்கத்தில் ஒருவர் கை உலர்த்தும் மிஷினுக்குக் கீழே கையை நீட்ட, அது உறுமியது, நான் அது நிற்கட்டும் என்று காத்திருந்தேன், அது நின்றது, இன்னொருவர் நீட்டினார். “அங்க நான் ஒருத்திதான் மேடம் மயக்கத்துக்கு. இன்னிக்கு நைட் டூட்டி. மூணு மணி பஸ்ஸப் புடிக்கணும். ஸ்லைடை எடுத்துக்கிட்டேன், எங்க தியேட்டர் சிஸ்டருக்கும் அனுப்பிட்டேன்” என்று மிஷினுக்கு மேலே கத்தினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். “மூணு யூனிட். அரை நிமிஷம். மெதுவா.” அவள் போன் அடித்தது. காதில் வைத்துக்கொண்டாள், “ஆமா டாக்டர், கெளம்பிட்டேன், எத்தனை கேஸ் இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், சரிங்க மேடம், சரிங்க மேடம் என்று உதடு மட்டும் அசைந்தது. அது எனக்கா, போனில் இருந்தவருக்கா. கதவு திறந்ததும் போனோடு உள்ளே போனாள். கை உலர்த்தும் மிஷின், தண்ணீர், யாரோ சிரிக்கிறார்கள். நான் அடைத்த கதவைப் பார்த்து இன்னொரு தரம் சொன்னேன், மூணு யூனிட்டும்மா, ஒரேயடியா போட்டுராதீங்க, உள்ளே ஃப்ளஷ் இழுத்தது. அவள் வெளியே வந்தபோதும் போன் காதில் இருந்தது, என்னைப் பார்த்துக் கையைக் குவித்து நன்றி மேடம் என்று அசைத்துவிட்டு, ஈரக்கையைச் சுடிதாரில் துடைத்தபடி ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள், கூப்பிட்டேன், ஷகிலா என்று கூப்பிட்டேன், நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள், அவள் திரும்பவில்லை. எந்த எண்ணோடு போகிறாள், பத்தா, மூன்றா. கதவு திறந்தே கிடந்தது. பின்னாலிருந்து ஒரு அம்மா, “மேடம், நீங்க போறீங்களா, இல்ல நான் போகட்டுமா?” என்றார். நீங்க போங்கம்மா என்று என் வாய் தானாகச் சொல்லி, நான் ஓரமாக நகர்ந்து வழிவிட்டேன்.